காய்ச்சாத பசை

சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த சங்கிலிமுத்து மூன்றாவது முறையாகச் சறுக்கி, வாசலில் குப்புற விழுந்தார். உள்ளே ஐஸ்பெட்டியில் நிஜமானவர் கிடந்தார். நாரணாபுரத்துக் காகிதக் குழாய் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பசை காய்ச்சிய மனிதருக்கு இப்படியொரு கேவலம் வந்திருக்கக் கூடாது.

மகள் பொன்மணி வாளியில் விரல் விட்டுப் பார்த்தாள். "என்னண்ணே, பச்ச மாவால்ல இருக்கு?"

"எளவு வீட்டுல அடுப்பு மூட்டலாமாட்டி? பச்சத் தண்ணியில கரைச்சேன்" என்றான் அண்ணன் அன்பரசன், பாவமாக.

அவள் சுவரொட்டியைத் தூக்கினாள். அண்ணன் பெயருக்குக் கீழே 'மகள்: டாக்டர் பொன்மணி' என்றிருந்தது.

மதுரையில் ஆறு வருஷமாக அவள் செய்த முனைவர் பட்ட ஆராய்ச்சியும் பசையைப் பற்றித்தான். உருளையில் ஓடும் காகிதத்தின் மேல் பசை எப்படிப் படர்கிறது, ஓடுகிற காகிதம் அதில் எவ்வளவைக் குடிக்கிறது என்கிற கணக்கு. அது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நகரவே இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம், "படிப்ப விட்டுட்டேம்ப்பா" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் வாயில் குழாய் ஏறியது. அப்புறம் பேச்சே இல்லை.

"இத யாருண்ணே எழுதிக் குடுத்தது? நாந்தான் விட்டுட்டேனே!"

அன்பரசன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "அப்பாதான். நீ சொல்லிட்டுப் போன மறுநா, சைகையில பேனா கேட்டு, தன் போஸ்டருக்குத் தானே எழுதுனாரு. 'அவ விட்டுட்டாளேப்பா'ன்னேன். அந்த எழுத்து மேலயே திரும்ப அழுத்தி எழுதுனாரு."

'டாக்டர்' இருந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. பொன்மணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பிடிவாதம் பிடிச்ச மனுசன்."

பக்கத்து வீட்டு மாடத்தி சித்தி கேட்காமலே தன் அடுப்பைப் பற்றவைத்தாள். மைதாவில், பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, வெள்ளை மாறிக் கண்ணாடியாக மின்னும்வரை பொன்மணி கிண்டினாள். வாசலுக்கு வந்ததும் அண்ணனிடம் ஈரத்துணியைக் கொடுத்தாள்.

"புதுச் சுண்ணாம்பு. மொதல்ல சுவத்த நல்லா நனைண்ணே. இல்லன்னா பசையில இருக்க தண்ணி அம்புட்டையும் அதுவே குடிச்சிரும்."

ஒட்டினார்கள். 'டாக்டருக்கு' அடியில் மட்டும் காற்று உப்பி நின்றது. உள்ளங்கையால் அதை ஓரம்வரை தள்ளி வெளியேற்றினாள். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு உள்ளேயிருந்து எல்லாரையும் கூப்பிட்டார்கள்.

"ஒட்டிருச்சுட்டி. கைய எடு" என்றான் அன்பரசன்.

அவள் எடுக்கவில்லை. அந்தச் சொல்லின் மேல் அழுத்தியபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.