பாட்டிலில் படிந்த மண்

தினமும் காலை ஆறு மணிக்கு பாக்கியராஜ் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையின் வெளிச்சரிவில் இறங்குவான். அடிவாரத்தில் ஒரு மாதுளை மரம். அதன் வேரடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிகிறது. அதைப் பிடித்து வந்து ஜன்னலில் வைத்து, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, போட்டோ எடுத்து இன்ஜினியர் மமதாவுக்கு அனுப்ப வேண்டும். மழை பிடித்த நாளிலிருந்து இதுதான் அவனுடைய முதல் வேலை.

சந்தாபுராவைத் தாண்டி இருக்கும் அந்த லேஅவுட்டுக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர். ஏரி என்றால் ராஜா காலத்து ஏரியும் இல்லை. பங்களாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பெடல் படகு மிதிப்பதற்காக ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கட்டிய கரை, அதன் பின்னால் தேங்கிய தண்ணீர், அவ்வளவுதான். ‘லேக் வியூ’ என்று சொல்லியே மனைகளை விற்றவர்கள் இருபது வருடமாக அந்தக் கரையைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வேறெங்கோ ஒரு கரை உடைந்ததை டிவியில் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் இந்தக் கரையின் நினைப்பு வந்தது. மமதாவை வரவழைத்தார்கள். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியராஜையே கரையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மமதா பொறுமையானவர். கன்னடத்தில்தான் பேசுவார். அவனைவிட எவ்வளவோ படித்தவர் என்றாலும், “பாக்கியராஜ் அவரே” என்றுதான் கூப்பிடுவார்.

“மண் கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், பயப்படாதீங்க. தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் சரி. பாட்டிலுக்கு அடியில மண் படிஞ்சா, உள்ளேயிருந்து கரையையே தண்ணி அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் கரை நிக்காது. எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணணும்” என்றார். போகும்போது மாதுளையைக் காட்டி, “கரையில மரம் இருக்கக் கூடாது, வேர் ஓட்டை போட்டுடும். மழை விட்டதும் இந்த இடத்தைத் தோண்டி, மண்ணைப் புதுசா இடிச்சுக் கட்டிடலாம்” என்றும் சொன்னார்.

அன்று பாக்கியராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அது அவனும் அவன் மனைவி செண்பகமும் வைத்த மரம். கொரோனாவின் இரண்டாம் அலையில், எல்லாம் அடைத்துக் கிடந்த மே மாதத்தில், செண்பகத்துக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். சொந்த ஊரான தங்கவயலுக்குப் போகப் பாஸ் கிடைக்கவில்லை. பக்கத்து இடுகாடுகளில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. லேஅவுட்டில் ஒரு சாண் நிலம்கூட அவனுடையது இல்லை, இருந்ததும் கடப்பாறை இறங்காத பாறை. மண் என்று இருந்தது அந்தக் கரை மட்டும்தான். ஆள் நடமாட்டமில்லாத வெளிச்சரிவின் அடியில் தோண்டி மகளைப் படுக்க வைத்தான். நாய் கிளறிவிடக் கூடாதே என்று நாலடி ஆழம் தோண்டினான். அள்ளிய மண்ணை அவனே கையால் தள்ளி மூடினான்.

செண்பகம் அதன் மேல் மாதுளங்கன்று நட்டாள். அமாவாசைதோறும் வேரில் பால் ஊற்றுவாள். பழத்தை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை, அணில்தான் தின்னும். மமதா சொன்னதைக் கேட்டதும் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாங்க, அவள மட்டும் தோண்ட வுட்றாதீங்க. எம்மேல சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினான். பெற்றவள் அப்படிக் கேட்கும்போது அவன் வேறென்ன செய்வான்?

அப்புறம் ஒருநாள் விடாமல் அடித்த மழையில் ஏரி தளும்பியது. மறுநாள் காலை பாட்டிலைத் தெளியவிட்டுப் பார்த்தபோது அடியில் ஒரு சிட்டிகை செம்மண் படிந்திருந்தது. தோண்டி மூடிய குழி தளர்ந்த மண், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. போனை எடுத்தான், வைத்தான். பாட்டிலைக் குழாயடியில் கொட்டிக் கழுவினான். குழாய்த் தண்ணீரை நிரப்பிப் போட்டோ அனுப்பினான். மமதாவிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய படம் பதிலாக வந்தது. செருப்பால் அடித்தது போல் இருந்தது.

இரண்டாம் நாள் மண் கூடியது. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். மூன்றையும் கொட்டினான். நாளைக்கு மழை விட்டுவிடும், ஏரி இறங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கரைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில்தான் அங்கன்வாடி. அதில் ஆயா வேலை செண்பகத்துக்கு. அவள் அந்தப் பக்கம் இறங்கிப் போவதைப் பார்த்தபடியேதான் கொட்டினான். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கலாம். மகளை இரண்டாம் தடவை பறிகொடுக்கப் பயந்த மனுஷன். அதற்கு மேல் சொல்ல அவனிடமும் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள், மறந்து வைத்த அங்கன்வாடிச் சாவிக்காகத் திரும்பி வந்த செண்பகம் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். பாட்டிலின் அடியில் அரை விரல் கனத்துக்குச் செம்மண்.

“இது இன்னா?”

“ஒண்ணுமில்ல. மழைத் தண்ணி.”

“எங்கிட்டயேவா? மேடம் சொன்னத நீங்கதான வந்து சொன்னீங்க.”

“உனக்கு சத்தியம் பண்ணிக்கிறனே, செண்பகம்.”

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பதினாலு புள்ளைங்க. சாப்டதும் நாந்தான் பாய் போட்டுத் தூங்க வெக்கிறேன். அசந்து தூங்குங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம புள்ள போயிடிச்சிங்க. அதுங்க கீதுங்க. போன் பண்ணுங்க.”

அவனுக்கு விரல் வரவில்லை. அவளே நம்பரை அழுத்தி அவன் காதில் வைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் மமதா வந்துவிட்டார். அங்கன்வாடியைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கசிவின் மேல் மணலும் ஜல்லியும் பரப்பினார்கள். மதகைத் திறந்து, பம்பு போட்டு, ஆறு நாள் ஏரியை இறக்கினார்கள். ஏழாம் நாள் ஜேசிபி கேட்டுக்குள் நுழைந்ததும் பாக்கியராஜால் தாங்க முடியவில்லை. மமதாவின் முன்னால் போய் நின்றான்.

“மேடம், அது வேர் பண்ண ஓட்டை இல்ல. நான் தோண்டினது. உள்ள எம் பொண்ணு இருக்கா.”

உடைந்த கன்னடத்தில் மொத்தத்தையும் சொன்னான். மூன்று நாள் பாட்டிலைக் கொட்டியதை மட்டும் சொல்லவில்லை. மமதா கையிலிருந்த ஃபைலைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். ஜேசிபி டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

“நீங்க ரெண்டு பேரும் முதல்ல எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் மெஷின் இறங்காது” என்றவர், அவர்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர் வற்றிய ஏரியைப் பார்த்து நின்றுகொண்டார்.

மாதுளையை வேரோடு சாய்த்தார்கள். பிறகு கையாலேயே தோண்டினார்கள். நாலடியில் துணி இல்லை. எலும்பென்று ஒரு துணுக்கும் இல்லை. பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குத் தண்ணீர் அரித்த ஒரு பொந்து மட்டும் இருந்தது. அதன் வாயில் ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை சிக்கியிருந்தது. பெயர் வைக்காத பிள்ளை என்பதால், ‘செண்பகத்தின் குழந்தை’ என்றுதான் அதில் எழுதியிருந்தார்கள். அந்த மையும் போய்விட்டது.

“தண்ணி எடுத்துனு போயிடிச்சி” என்றாள் செண்பகம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஜன்னலுக்குப் போனாள். நாலாம் நாள் பாட்டில் அப்படியே இருந்தது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் மண். அதை முந்தானையில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“இதுதாங்க அவ. தங்கவயலுக்கு எடுத்துனு போயி எங்கம்மாவ பொதச்ச எடத்து பக்கத்துல வெச்சிடலாம்.”

அவன் தலையாட்டினான்.

“இதுக்கு முந்தின நாளும் மண்ணு வந்துதா?”

அவனால் இனி பொய் சொல்ல முடியவில்லை. “மூணு நாள் வந்துது.”

“அந்த பாட்டிலுங்க எங்க?”

“கொட்டிட்டேன். குழாயடில.”

செண்பகம் எழுந்து குழாயடிக்குப் போனாள். இத்தனை நாளும் அங்கேதான் அவள் பாத்திரம் துலக்கிக் கழுவிவிட்டாள். எப்போதும் போல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினாள். மறுபடியும் இறுக்கினாள். அப்படியும் சொட்டியதும், கீழே உட்கார்ந்து, ஒரு சொட்டும் தரையில் விழாமல் உள்ளங்கையில் ஏந்த ஆரம்பித்தாள்.