மிளகுப் பாய்க்கு மேலே வௌவால்

தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும்போல வலித்தது இருளாண்டிக்கு. காலையிலிருந்து தகரம் தட்டுகிறான். வயிற்றில் பால் விடாத ஒரு பிளேன்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. போன மாசம் பக்கத்துத் தோட்டத்து ஸக்கரியா நானா ஒரு நாள் வந்து இவனுக்கு மிளகு பறித்துக் கொடுத்தார். ஒரு நாள் வேலைக்குப் பதில் ஒரு நாள் வேலை, அதுதான் நாலந்தாப் பக்கத்து வழக்கம். இன்று இவன் முறை.

நானாவின் கிணற்றடி மருதமரம் முழுக்கப் பெரிய வௌவால்கள். தொழுகைக்கு ஒளு எடுக்கிற தண்ணீரில் எச்சம் விழுகிறதாம், கலைக்க வேண்டுமாம். வெடி போட வழியில்லை. சண்டைக் காலம். சத்தம் கேட்டால் ஆமிக்காரன் ஜீப்பில் வந்து, வௌவாலை விட்டுவிட்டு இருளாண்டியை ஏற்றிக்கொண்டு போவான். அதனால்தான் தகரம்.

"வெயில் இறங்கட்டும், பொறகு தட்டுங்க!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள் பெண்சாதி சுந்தரம்மா. இவன் கேட்டால்தானே.

உச்சிவெயிலில் கூட்டம் கிளம்பியது. நானா சந்தோஷத்தில் தொப்பியைத் தூக்கினார். கறுத்த இறக்கையில் மாசி வெயில் ஏறினால் எவ்வளவு தூரம் பறக்கும்? ஒரு சுற்று வந்ததோ இல்லையோ, வாயைப் பிளந்துகொண்டு முதலில் கிடைத்த நிழலில் போய்த் தொங்கின. அது இருளாண்டியின் பலாமரம். அதன் கிளை ஓரத்துக்குக் கீழே, வெயில் விழுகிற இடத்தில்தான் வருஷத்து மிளகெல்லாம் பாய்களில் காய்ந்துகொண்டிருந்தது.

இருவரும் ஓடினார்கள். மேலே ஒவ்வொன்றும் ஒற்றை இறக்கையால் விசிறி, நெஞ்சை நக்கி நனைத்து, அதுவும் போதாமல் தன் மேலேயே மூத்திரம் பெய்து சூடு தணித்துக்கொண்டது. மிச்சம் மிளகில் சொட்டியது.

"உங்க விருந்தாளிங்க பன்னீர் தெளிக்கிறாங்க" என்றாள் சுந்தரம்மா, பாயை இழுத்தபடி. மூவருமாக ரோட்டோரம் சேர்ப்பதற்குள் ஒரு பாய் மிளகு நாசம்.

நானா சட்டையைத் திறந்து, தொப்பியால் விசிறி, செம்புத் தண்ணீரை நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். சுந்தரம்மா மரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்களும் ஏறித் தொங்குங்க நானா, எடமிருக்கு."

"கடைசி வேலைய மட்டும் நான் செய்யல்ல புள்ள."

இருளாண்டி தகரத்தை எடுத்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள். "இந்த வெயில்ல இன்னொருக்கா பறந்தா செத்து விழும். அள்ளிப்போட ஒங்களுக்குத் தோள் இருக்கா?"

"நானே வந்து ஒரு நாள் தட்டித் தாறேன்" என்றார் நானா.

பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் இரைக்குப் போயின. விடியும்போது பலாமரத்துக்கே திரும்பின. மிளகு ரோட்டோரத்திலேயே காய்கிறது. நானாவின் கிணறு சுத்தம். தட்டினால் அவை எந்த மரத்துக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் முழங்கால் வலி, ஜும்ஆத் தொழுகை என்று தள்ளிக்கொண்டே போகிறார். இருளாண்டியின் பலாமரத்தடியில் தகரம் தட்ட ஒரு நாள் வேலை, ஸக்கரியா நானா தர வேண்டிய கடன், இன்னும் தரவில்லை.