வெள்ளிப் பெயிண்ட் அடித்த வீல்

அருப்புக்கோட்டை பைபாஸில் இருந்த லாரி ஷெட்டில் வீல் பார்ப்பது சுகந்தியின் வேலை. லோடு ஏற்றும் முன் ஒவ்வொரு லாரியையும் சுற்றிவந்து, சூட்டில் கெட்டுப்போன வீல் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சிரித்த டிரைவர்கள், இரண்டு வருஷத்தில் அவள் பார்க்காமல் சாவியைத் தொடாதவர்களாகியிருந்தார்கள்.

அன்று காலை டிரைவர் விஜயபாண்டியின் லாரி தூத்துக்குடிக்குப் பஞ்சுப் பொதி ஏற்ற நின்றது. முன்பக்க இடது வீல் மட்டும் புதிதாக வெள்ளிப் பெயிண்ட் பூசிப் பளபளத்தது. மற்ற வீலெல்லாம் கரிசல் மண் அப்பிக் கிடக்க, இது மட்டும் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கிறது?

குத்தவைத்து உட்கார்ந்து சாவி முனையால் சுரண்டினாள். அடியில் பழைய பெயிண்ட் கருகிக் கொப்பளித்திருந்தது. இரும்பு நீலம் பாரித்திருந்தது. ரிம்மை ஒட்டிய டயர் ஓரம் காய்ந்த தோல்போல விறைத்து வெடிப்பு விட்டிருந்தது.

"அண்ணே, இது எங்க சூடாச்சு?"

விஜயபாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "முந்தாநாளு திருச்சுழி தாண்டி வாரப்ப பிரேக்கு பிடிச்சுக்கிட்டு விடல தாயி. பொகையா வந்துச்சு. மேனேஜர்ட்ட சொன்னேன். டிரம்ம மாத்திட்டு, வீலுக்குப் பெயிண்ட் அடிச்சாப் போதும்னுட்டாரு."

மேனேஜர் ராமசுப்பு நோட்டோடு வந்தார். "என்னம்மா, இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"இந்த வீலு ஓடாது சார். இரும்பு வெந்துபோச்சு, லோடு ஏறுனா வெடிச்சிரும். கழிச்சுப் போடணும்."

"பாக்க நல்லாத்தான இருக்கு?"

"பாக்க நல்லா இருக்கத்தான பெயிண்ட் அடிச்சிருக்கீக."

வீலின் மேல் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். ராமசுப்பு நோட்டின் அட்டையாலேயே அதைத் தேய்த்து அழித்தார். "போயிட்டு வரட்டும், அப்பறம் மாத்திக்கிருவோம். வேல பாக்க இஷ்டமில்லைன்னா சொல்லிரு. கையெழுத்துப் போட எத்தனையோ ஆளு இருக்கு." முதலாளிக்குப் போன் போட ஆபீசுக்குள் போய்விட்டார்.

சுகந்திக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தத் தூத்துக்குடி ரோட்டில்தான் எம்.ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோக்கள் பருத்தி எடுக்கப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஓடுகின்றன. அவள் அம்மா கருத்தம்மாளும் தினம் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி போகிறாள். இத்தனை வயதில் அம்மா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல யாரும் விட்டதுமில்லை.

"அண்ணே, வீலக் கழட்டுங்க."

விஜயபாண்டி ஆபீஸ் வாசலைப் பார்த்தார், வீலைப் பார்த்தார். ஜாக்கியை எடுத்துவந்தார். ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றிய வீலில் காற்றை முழுக்க இறக்கி டயரையும் நெம்பி எடுத்துக் கொடுத்தார். சுகந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரும்பு அறுக்கும் கிரைண்டரைப் போட்டாள்.

கிரைண்டர் இரையும் சத்தம் கேட்டு ராமசுப்பு ஓடிவந்தபோது ரிம் ஒரு பக்கம் அறுபட்டுக் கிடந்தது.

"ஏய்! அது கம்பெனி சொத்து!"

"இனி இரும்புக் கடைக்குத்தான் சார். திரும்பப் பெயிண்ட் அடிக்க முடியாதுல்ல."

"நாளைக்கு நீ வரவேண்டாம்!"

அவள் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்து, நட்டுகளைச் சரிபார்த்து, நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். லாரி ஒரு மணி நேரம் பிந்திக் கிளம்பியது.

மறுநாள் எட்டு மணிக்கு வழக்கம்போல வந்தாள். வாட்ச்மேன் கேட்டில் கையை நீட்டி மறித்தார். "உள்ள விடக் கூடாதுன்னுட்டாகம்மா."

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போறேன்." கேட்டுக்கு வெளியே வெயிலிலேயே நின்றாள்.

சற்று நேரத்தில் இன்னொரு டிரைவர் சதீஸ்குமாரின் லாரி வெளியே போக வந்தது. கேட்டில் நின்றவளைப் பார்த்ததும் அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். "வீலு பாக்காம நான் எடுக்க மாட்டேன்." பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன, விஷயம் தெரிந்ததும் அவையும் அடங்கின. அரை மணி நேரம் ஒரு லாரியும் நகரவில்லை.

கடைசியில் ராமசுப்பு வந்து, முகத்தைப் பார்க்காமல் நோட்டை நீட்டினார். "சீக்கிரம் பாத்து அனுப்பு."

"சீக்கிரமெல்லாம் பாக்க ஏலாது சார். வெந்த வீலு இருந்தா அதையும் அறுப்பேன்."

சுகந்தி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சதீஸ்குமாரின் முதல் வீல் முன்னால் உட்கார்ந்து, சூடு தெரிகிறதா என்று புறங்கையை வீல் நடுவிலிருந்த ஹப்பின் அருகே கொண்டுபோனாள்.