வில்லன் பேசும் நேரம்

கவிப்ரியாவிடம் ஒரு நோட்டு இருந்தது. விஸ்காம் மூன்றாம் வருடப் பிள்ளைகள் படம் பார்த்தால் லைட்டிங், ஃப்ரேமிங் என்று பெரிய பெரிய வார்த்தையாக எழுதி வைப்பார்கள். இவள் எழுதுவது வேறு. வில்லன் யார், அவன் செய்த அநியாயம் எது, கடைசியில் எப்படி ஒழிந்தான், பத்துக்கு எத்தனை மார்க். படத்தின் பெயரைக்கூடப் போடமாட்டாள், வெறும் நம்பர்தான். இரண்டு வருடத்தில் அறுபது படம் சேர்ந்திருந்தது.

பதினான்காம் நம்பரில் மரக்கடை முதலாளி தன்னுடைய ரம்பத்திலேயே விழுந்து செத்துப்போகிறான். ஒன்பது மார்க். முப்பத்திரண்டில் கதாநாயகி பத்து வருடம் காத்திருந்து, வில்லன் காலில் விழுந்ததும் "போய்ப் பிழைச்சுக்கோ" என்று விட்டுவிடுகிறாள். பக்கத்து ஓரத்தில் "இதுக்கு எதுக்குடி பத்து வருஷம்?" என்று கிறுக்கி, முட்டை போட்டிருந்தாள். கோர்ட் சீனில் முடிகிற படம் எதுவாக இருந்தாலும் அவளிடம் முட்டைதான். கூண்டில் ஏறி நின்று பேசிப் பேசி யார் மனசு ஆறியிருக்கிறது?

வகுப்பில் சுமலதா மேடம் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, பிடித்த பாத்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். எல்லாரும் ஹீரோவைப் பற்றியே பேசினார்கள். கவிப்ரியா எழுந்து நின்றாள்.

"எனக்குப் பிடிச்சது வில்லனோட வாய் மேடம்."

வகுப்பு சிரித்தது.

"நெசமாத்தான் மேடம். எல்லாப் படத்துலயும் அவன்தான் ஜெயிச்சிட்டு இருக்கான். கடைசிப் பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருந்தா அவனை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இருக்கமாட்டான். செஞ்சதை எல்லாம் தானே பெருமையாச் சொல்லுவான். கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாப் போதும்."

மேடம் கை தட்டினார். கவிப்ரியா சிரிக்காமல் உட்கார்ந்தாள். அவள் காத்துக்கொண்டிருந்த வில்லன் சினிமாவில் இல்லை. சிப்காட் பக்கம் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தான். பெயர் ராஜசேகர்.

கவிப்ரியாவின் அப்பா கங்கப்பன் அங்கே ஒன்பது வருடம் பிரஸ் ஓட்டியவர். அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கிற இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை உள்ளே மாட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஒரு பட்டனில் கட்டையைச் செருகி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகடு போட்டு எடுத்துக்கொண்டே இருக்கலாம், ஒரு ஷிஃப்டில் இரண்டு ஷிஃப்ட் பீஸ் விழும். ராஜசேகர் கட்டையைச் செருகினான். கங்கப்பனுக்கு வலது கையில் மூன்று விரல் போனது.

விரல் போனதைக்கூட அந்த மனிதர் தாங்கிக்கொண்டார். கம்பெனி எழுதிய ரிப்போர்ட்டைத் தாங்க முடியவில்லை. 'தொழிலாளி குடிபோதையில் தானே கட்டையைச் செருகி இயக்கியதால்' என்று அதில் இருந்தது. கங்கப்பன் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வேலை போயிற்று. வேறு மூன்று கம்பெனியில் ஏறி இறங்கினார். குடிகாரனை உள்ளே விடமாட்டோம் என்று மூன்று கேட்டிலும் சொன்னார்கள். மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நீக்கச் சொல்லி கிருஷ்ணகிரி தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். இரண்டு முறை விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல ஒருத்தரும் வரவில்லை. இருக்கிற வேலையை யார் விடுவார்கள்?

அப்போதுதான் கவிப்ரியா நோட்டு போட ஆரம்பித்தாள்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், பூஜையை வீடியோ எடுக்க ஒரு ஸ்டூடண்ட் வேண்டும் என்று அந்தக் கம்பெனியிலிருந்து கல்லூரிக்குக் கேட்டு வந்தது. கவிப்ரியா கை தூக்கிய வேகத்தைப் பார்த்து சுமலதா மேடமே அசந்துபோனார். கங்கப்பனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ராஜசேகர் அவரை ஒரு மனுஷனாக எண்ணியதே இல்லை. அதனால் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவைகூட அவளுக்கு வரவில்லை.

பூஜை அன்று காலையில் ஷாப்பே மணந்தது. மெஷினுக்கு மெஷின் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். ஒவ்வொரு பிரஸ்ஸின் வாய்க்குள்ளும், தகடு வைக்கிற இடத்தில், ஒரு எலுமிச்சம்பழம். பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். முதலாளி கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். ராஜசேகர் பட்டுச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக நின்றுகொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் திரும்புனா நல்லா இருப்பேன் பாப்பா?"

"எந்தப் பக்கமும் ஹீரோதாங்க சார்," என்றாள் கவிப்ரியா. அந்த வார்த்தை சொல்லும்போது நாக்கு கூசியது. அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சின்ன வயதில் சினிமாவில் நடிக்கச் சென்னைக்கு ஓடிப்போன கதையைக் கேட்காமலே சொன்னான்.

"உங்க ஷிஃப்ட்லதான் ரெக்கார்டு புரொடக்‌ஷனாமே சார்? அது எப்படின்னு காட்டுனீங்கன்னா வீடியோவுக்கு வெயிட்டா இருக்கும்." கேமராவை ஓடவிட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "நடிச்சுக் காட்டுவீங்களா சார், இல்ல நெசமாவே பண்றதைக் காட்டுவீங்களா?"

ராஜசேகருக்குச் சுருக்கென்றது. "நடிப்பா? நான் எதுக்கு நடிக்கணும்? பன்னெண்டு வருசமா இந்த ஷாப்புல நான் பண்றது எதுவோ அதைத்தான் இப்பப் பண்ணப்போறேன். எடு."

மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்தான். கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்தது. "இவனுக்கு நான் வச்ச பேரு மச்சான். ஒரு பட்டனை இவன் புடிச்சுக்குவான். நமக்கு ஒரு கை ஃப்ரீ." கட்டையைப் பட்டனில் செருகி டேப் சுற்றினான்.

"இதுக்கு முந்தி இங்க யாருக்கோ கை போச்சுன்னாங்களே சார்?" வீட்டில் கண்ணாடி முன்னால் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த கேள்வி அது.

"கங்கப்பன்னு ஒருத்தன். மச்சான் வேணாம்னு அடம் புடிச்சான். நான்தான் வச்சு உட்டேன். அவனுக்குச் சாமர்த்தியம் பத்தல."

"குடிச்சிருந்தாராம்ல?"

ராஜசேகர் சத்தமாகச் சிரித்தான். "அவனா? டீயையே பயந்து பயந்து குடிக்கற ஆளு. அப்படி எழுதுனாத்தான கம்பெனிக்கு நல்லது? இத மட்டும் கட் பண்ணிரு பாப்பா."

"சரிங்க சார், கட் பண்ணிடறேன்."

மெயின் சுவிட்சைப் போட்டான். பிரஸ் உறுமியது. ஓரமாகப் பொரி தின்றுகொண்டிருந்த வயதான ஆபரேட்டர் ஒருவர் பதறி எழுந்தார். "பேடா சார், பூஜை ஆகிதே!" என்றார் கன்னடத்தில், பூஜை போட்டாச்சு, வேண்டாம் என்று. ராஜசேகர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் முகம் முழுக்கக் கேமராவுக்குத்தான். எலுமிச்சம்பழத்தை எடுப்பதற்காக வலது கையை உள்ளே விட்டான். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, இடது கை பழக்கத்தில் பட்டனுக்குப் போயிற்று.

கவிப்ரியா பார்த்தாள். நோட்டில் எந்தச் சாவுக்கும் அவள் முழுப் பத்து போட்டதில்லை. அந்தப் பத்து இதோ கண்ணெதிரே நின்றது. அதே மெஷின், அதே கட்டை, அதே வலது கை. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும்.

"சார், கையை எடுங்க!"

கத்தியது தான்தான் என்று அவளுக்கே அப்புறம்தான் புரிந்தது. அவன் துள்ளிக் கையை இழுத்தான். இழுத்த வேகத்தில் இடது கை பட்டனை அமுக்க, இரும்பு இறங்கிப் பழம் கூழானது. சாறு தெறித்து லென்ஸில் விழுந்தது. ராஜசேகர் வெளிறிப்போய் நின்றான். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, டைமிங்கு!" என்றான்.

வீடு வரும் வரை டவுன் பஸ்ஸில் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். அப்பா மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். தட்டு அப்படியே இருக்க, மொபைலில் அந்த வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை, 'டீயையே பயந்து பயந்து' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஒரே செகண்டுப்பா," என்றாள் கவிப்ரியா. ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவனுக்கும் போயிருக்கும். உங்களுக்குப் போன மாதிரியே. கெடுத்துட்டேன்."

கங்கப்பன் இடது கையால் சோற்றைப் பிசைந்தார். அவர் முகத்தில் இரக்கம் கிரக்கம் எதுவும் இல்லை.

"அவன் விரலு நமக்கு எதுக்குப் பாப்பா? அதை வச்சு நான் என்ன பண்றது? எனக்கு அவன் வாய்தான் வேணும். அதைப் புடிச்சிட்டு வந்துட்ட இல்ல?"

மூன்றாவது விசாரணைக்கு ராஜசேகர் அதே கூலிங் கிளாஸோடு வந்தான். கங்கப்பன் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அதைக் கழற்றினான்.

"இந்தப் பொண்ணு..."

"எம் பொண்ணுங்க சார்," என்றார் கங்கப்பன்.

விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். வீடியோவை மேஜைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கட்டை வந்தது, மச்சான் வந்தது, டீ வந்தது. ராஜசேகர் எழுந்து நின்றுவிட்டான்.

"மேடம், அது ஆக்டிங். காலேஜ் பொண்ணு கேட்டுச்சேன்னு சும்மா நடிச்சுக் காட்டுனேன்."

கவிப்ரியா இதற்குத்தான் காத்திருந்தாள். நாற்பத்தேழாம் நம்பர் வில்லன் இப்படித்தான் தப்பித்தான், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று. அன்றைக்கே அவள் அதை அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

"மேடம், ஆரம்பத்துல இருந்து ஒருக்கா போடுங்க. நீங்க நடுவுல இருந்து பாத்தீங்க."

அதிகாரி பின்னால் இழுத்தார். 'நடிப்பா? நான் எதுக்கு நடிக்கணும்? பன்னெண்டு வருசமா...' என்று ராஜசேகரின் குரலே அறை முழுக்கக் கேட்டது. கம்பெனியிலிருந்து கூட வந்திருந்த ஆள் நாற்காலியை அவனிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை ராஜசேகர் பக்கம் நகர்த்தினார். "நடந்ததை உங்க கையாலயே எழுதுங்க. அவர் குடிச்சிருந்தாரா இல்லையா, அதை முதல்ல எழுதுங்க."

ராஜசேகர் பேனாவை எடுத்தான். வலது கையில் ஐந்து விரலும் பேனாவைச் சுற்றி நின்றன. எழுதாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கங்கப்பன் மெல்ல எழுந்து மேஜையருகே போனார். இரண்டு விரல் மிச்சமிருந்த தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில், அவன் கண்ணில் படும்படி வைத்தார்.

"அந்த விரலு எம் பொண்ணு காப்பாத்திக் குடுத்ததுங்க சார்," என்றார். "வீணாக்காம எழுதுங்க."

ராஜசேகர் எழுதத் தொடங்கினான்.