சுத்தியல் சுற்றி வந்த நாள்

என் வீட்டுக் கூரையை மாற்றித் தருகிறோம் என்று வசந்தகால விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கென்டக்கி மலைக்கு வந்தார்கள். மத்தியானத்துக்குள் பழைய தகரத்தையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். சுத்தியல் யார் கைக்கு வருகிறதோ, அவர் தன் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டுமாம்.

"வானம் கறுத்துக்கிட்டு வருது. முதல்ல தார்ப்பாயைப் போடுங்க" என்றேன்.

"கொஞ்சம் இருங்கம்மா, ட்ரெவர் இப்பத்தான் அழ ஆரம்பிச்சிருக்கான்" என்றாள் அவர்கள் தலைவி மேரன்.

மழை என் அடுப்பு மேலேயே கொட்டியது. உள்ளே ஓடிவந்து வாளி வைத்தார்கள். வாளியைச் சுற்றி மறுபடியும் வட்டம். இந்தத் தடவை சுத்தியல் என் கைக்கு வந்தது.

"உங்க மனசுல என்ன தோணுதும்மா?"

"இதால ஆணியும் அடிக்கலாம்னு தோணுது."

"மனசு திறந்து பேசினதுக்கு நன்றிம்மா" என்று மேரன் சுத்தியலை வாங்கி அடுத்தவனிடம் கொடுத்தாள்.