அவரவர் வேலை

கிடங்கில் அவளை எல்லோரும் வண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களில் அவள் ஒருத்திதான் பெண். சரக்குப் பெட்டிகளைத் தூக்கி, உச்சித் தட்டில் சத்தமே இல்லாமல் இறக்கி வைப்பாள். பிள்ளை பெற்ற பிறகு அந்த இருக்கையைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவள் வேலைக்குப் போக முடிந்ததே நாத்தனாரால்தான். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நாத்தனார்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் மாலை பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"அண்ணி, கண் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்."

"நல்லதுதான்" என்று வாய் சொன்னது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "குழந்தைய யாரு பாத்துக்குறது? கொஞ்ச நாள் பொறுத்துக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள்.

"வீட்டுல அடைஞ்சு கிடந்தப்போ நீங்க சுவத்துல முட்டிக்காத குறை. எனக்கு மட்டும் மூச்சு முட்டாதா?"

பேச்சு தடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"என்ன அங்க சத்தம்? டிவி கேக்க மாட்டேங்குது" என்று கூடத்திலிருந்து கணவன் குரல் கொடுத்தான். பக்கத்தில், ஓய்வு பெற்ற மாமனார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

வண்டியக்காவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் ஒருத்தியை ஒருத்தி குதறிக்கொண்டிருந்தார்களே தவிர, கூடத்தில் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஈரக்கையோடு போய் நின்றாள்.

"ஷிப்ட் மாத்திக்கிட்டா பாதி நாள் நீங்க பாத்துக்கலாங்க."

"நானா? எங்க பஸ் டிப்போவுல சிரிப்பா சிரிப்பாங்க."

"மாமா, நீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும்? வேணும்னா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"அது போதும் மாமா."

திங்கட்கிழமை இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். மதியத்துக்குள் மாமனார் ஓயாமல் ஃபோன் செய்தார். பால் புட்டி மூடி திறக்கவில்லையாம், குழந்தை அழுகையை நிறுத்தவில்லையாம். ஒவ்வொரு முறையும் அவள் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் பேசினாள். மகனுக்கு அவர் ஒருமுறைகூட ஃபோன் அடிக்கவில்லை. கடைசியில், "நீயே வந்துடும்மா" என்றார்.

வீட்டுக்குப் போக அனுமதி கேட்டதும் சூப்பர்வைசர் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. வீட்டுக் கவலையோட வண்டி ஓட்டாதீங்க. நாளையிலேர்ந்து லேபிள் மேஜைக்குப் போயிடுங்க."

"போன வாரம் பையனுக்கு ஜுரம்னு வண்டி ஓட்டுற ஒருத்தர் பாதியில போனாரே, அவர்கிட்ட சாவி வாங்குனீங்களா சார்?"

"அது வேற."

சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மாலையில் முகமெல்லாம் பல்லாக வந்த நாத்தனார், விஷயம் கேட்டதும் வாடிப்போனாள். "நான் நின்னுடவா அண்ணி?"

"நின்னேன்னா காலை ஒடச்சிடுவேன்."

"லேபிள் ஒட்டுறது நல்ல வேலைதானே? உக்காந்த இடத்துல சம்பளம். எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான் கணவன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரின் ஃபோனை எடுத்துத் தன் எண்ணை அழித்தாள். "நாளைக்குக் கூப்பிட்டா உங்களுக்குத்தான் வரும். அழுறது உங்க புள்ளையும்தான்" என்றாள் கணவனிடம்.

மறுநாள் லேபிள் மேஜையில் அவள் விரல்கள் பசையில் ஒட்டிக்கொண்டன. சாப்பாட்டு இடைவேளையில், வண்டிச் சாவியைத் திரும்பக் கேட்க மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள். வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அடுத்த நாளும் போனாள். அன்றும் அதையேதான் சொன்னார்கள். அவள் திரும்பிப் போகவில்லை, மேலாளர் வரட்டும் என்று அறை வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.