ரோமாபுரிப் பெண்களின் முகம்

அம்மாவின் சவப்பெட்டி படலையைத் தாண்டித் தெருவுக்குப் போனதும் பெண்கள் வாளியும் விளக்குமாறுமாகக் கூடத்தைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர் சுவரோரம் ஓடவே, விதுர்ஷா அப்பாவின் படங்களைத் தூக்கப் பாய்ந்தாள். பெரிய படம் சுவரைப் பார்த்து நின்றது. அதன் முதுகில் அம்மாவின் கட்டில் பலகைகளைக் கழற்றிச் சாத்தியிருந்தார்கள். பலகைகளை விலக்கிவிட்டுப் படத்தை இழுத்தாள். ஒட்டியிருந்தது பிய்ந்து வருகிற சத்தம் கேட்டது.

"ஆரு இதத் திருப்பி வெச்ச?"

"நான்தான் புள்ள," என்றாள் மாமி, அப்பாவின் அக்கா. "செத்த வீட்டுல சாமிப்படம் நம்மளப் பாத்துக்கொண்டு இரிக்கக் கூடாதே. எல்லாத்தையும் திருப்பி வெச்சன்."

"அது சாமி இல்ல மாமி."

"வெள்ளச் சீல போத்திக்கொண்டு தாடியோட நிண்டா எனக்கென்ன தெரியும்? வேதக்காரர்ர சாமியெண்டாலும் சாமிதானே."

மாமியையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு வருகிற எவருக்கும் அந்த மயக்கம் வரும். முன்னாளில் கடைப்பலகை எழுதிய அப்பா கனகசிங்கம், பதினைந்து வருடமாக நாவற்குடாவில் இருந்துகொண்டே ரோமாபுரியை ஆண்டு வருகிறார். முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன், பரோக் காலத்தில் ஐரோப்பியர்கள் வரைந்த ரோம வரலாற்றுப் படங்களைப் பார்த்து அச்சொட்டாகக் கையால் வரைவார். ஓட்டமாவடி றிஸான் அவற்றைச் சுருட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார். எல்லாம் அச்சொட்டுத்தான், பெண்களின் முகத்தைத் தவிர. மூலத்தில் எந்த வெள்ளைக்காரி இருந்தாலும் இவர் கையில் அவள் இவருடைய மனைவி தவமலர் ஆகிவிடுவாள். "நான் என்ன செய்ய, கை அங்கதானே போகுது" என்பார்.

அம்மாவுக்குக் கமரா ஆகாது. கண்டால் விறைத்துப்போவாள். சந்தியில் கட்டிய அஞ்சலிப் பதாகையில் அடையாள அட்டைப் படம்தான். சோதனைச் சாவடியில் மறித்துவைத்த மாதிரி நிற்கிறாள். அப்பா முன்னால் இருந்தால்தான் அந்த முகம் அம்மாவின் முகமாக இருக்கும். அப்படி வரைந்ததெல்லாம் ஜேர்மனி, கனடா என்று போய்விட்டது. கடைசியான இந்தப் பெரிய படத்துக்கு, சேலைன் ஏற்றிய கையோடு கதிரையில் மாதிரியாக இருந்து கொடுத்தாள். ரோமத் தளபதி ஒருவன் படுக்கையில் சாகிறான், மனைவி தலைமாட்டில் இருக்கிறாள். "இதையாவது அனுப்பாதீங்க அப்பா" என்று விதுர்ஷா கெஞ்சியிருந்தாள். "காயட்டும், பாப்பம்" என்றார் அவர். எண்ணெய்ச் சாயம் காய மூன்று கிழமையாவது வேண்டும். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்கவில்லை.

தளபதிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் முந்தியே காய்ந்துவிட்டான். கடைசியாகத் தீட்டிய மனைவியின் முகம்தான் சுவரில் பாதி, துணியில் பாதியாக இழுபட்டுக் கிடந்தது. விதுர்ஷாவுக்குப் பெட்டி போனபோது வராத அழுகை இப்போது வந்தது. மாமி வாளியை வைத்துவிட்டு, "என்ட கையில கொள்ளிய வெக்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆண்கள் சுடலையிலிருந்து வந்து கிணற்றடியில் குளித்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் றிஸானும் உள்ளே வந்தார். மாமி தூணோடு ஒதுங்கி நின்றாள். அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு சுவருக்குக் கிட்டப் போய், அதில் அப்பியிருந்த சாயத்தைப் பார்த்தார்.

"நாடி தப்பியிரிக்கு" என்று மட்டும் படத்திலிருந்த மோவாயைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

றிஸான் தொண்டையைச் செருமினார்.

"அண்ணன், ஒண்டு சொல்லணும். ஏசப்படாது. அனுப்பக்குள்ள ஒவ்வொரு படத்தயும் அந்தப் பொம்புளட மொகம் தெளிவா விழுற மாதிரி போன்ல எடுத்திருவன். ரோமாபுரிப் பொம்புள ஏன் மாநிறமா இரிக்கா எண்டு வாங்கினவன் கேட்டாப் பாக்கத் தேவதானே."

"கேட்டாங்களா?" என்றாள் விதுர்ஷா.

"கேட்டாங்க தங்கச்சி. அந்தக் காலத்து வெயில் எண்டு எழுதி உட்டன்."

அப்பாவின் வாயோரம் இலேசாக அசைந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். விதுர்ஷா கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முதற்படத்தில் அம்மாவைக் குதிரைவீரன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். "இதுல உனக்கு அஞ்சு வயசு. கொம்மாவ இரிக்க உடாம சீலயப் புடிச்சி இழுத்த." அடுத்ததில் இரண்டு படைகளுக்கு நடுவே கைகளை விரித்து நிற்கிறாள். "கை உளையிதெண்டு ஏசினவ." மகன்களை அணைத்துக்கொண்டு இருக்கிறாள். "வட்டையால, வயல் வேல முடிச்சு வந்தவள அப்பிடியே இருத்தினன். சரியான பசி." ஒரு படத்தில் பல்லுக்கொதி. ஒரு படத்தில் தன் தங்கச்சியோடு கோபம்.

படங்கள் நகர நகர ரோமாபுரிப் பெண்களின் தலை நரைத்துக்கொண்டே வந்தது. கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுந்தது. மூலப்படங்களில் இருந்த பெண்கள் எல்லாம் இளம்பெண்கள் என்பது விதுர்ஷாவுக்குத் தெரியும். அப்பா ஒரு வருடத்தையும் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் சிறைபிடித்த ஒரு ராணி. மூன்று மாதத்துக்கு முன் அனுப்பியது. "இதுலதான் காய்ச்சல் துவங்கின" என்றார் அப்பா. விரலை வைத்துத் தள்ளினார்.

"அவ்வளவுதான் அண்ணன். அதுதான் கடைசி."

அப்பா தலையாட்டினார். மறுபடியும் தள்ளினார். போன் திரையில் அம்மா கொஞ்சம் விலகிப் போய், திரும்ப வந்து நின்றாள்.